பென்சிலோடு போய் இருந்து பார்க்க: திருகோணமலையில் வெளியில் படம் கீறுவதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

திருகோணமலையில் வளர்ந்தவர்களுக்கு மான் ஒரு புதினம் இல்லை. மற்ற ஊர்களில் மாடு நிற்பதுபோல பிரெட்ரிக் கோட்டைக்குள்ளும் கடற்கரைப் பக்கத்திலும் இங்கே புள்ளிமான் நிற்கும். நானும் சின்ன வயதிலிருந்து பார்த்தவள்தான். ஒரு நாள் கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில், நிழலில் படுத்திருந்த மானொன்றைக் கொப்பியில் கீறத் தொடங்கினேன். தலை வந்தது, கழுத்து வந்தது. அது எழுந்து நின்றதும் பின்னங்காலில் என் பென்சில் நின்றுவிட்டது. முழங்கால் பின்பக்கமாகவா மடிகிறது? அப்படியென்றால் தொடை எங்கே முடிகிறது? அரை மணி நேரம் பார்த்த பிறகுதான் விளங்கியது. பின்பக்கம் மடிவதுபோலத் தெரிவது முழங்கால் அல்ல, குதிகால். மான் விரல் நுனியில் நிற்கிறது. முழங்கால் மேலே, வயிற்றோடு ஒட்டினாற்போல இருக்கிறது. முப்பது வருஷமாகப் பக்கத்தில் நின்ற விலங்கின் கால் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அன்றிலிருந்து ஞாயிறு காலைகளில் வெளியில் போய்க் கீறுகிறேன். இந்த வழிகாட்டி அந்தப் பழக்கத்தைத் தொடங்க விரும்புகிறவர்களுக்கு. ஓவியராக ஆவதற்கான பாடம் இதில் இல்லை. ஒரு இடத்தில் ஒரு மணி நேரம் அசையாமல் இருந்து, முன்னால் இருப்பதை உள்ளபடி பார்ப்பதற்கான வழிதான் இருக்கிறது. "எனக்குக் கை வராது" என்று சொல்கிறவர்களுக்கு இது இன்னும் நன்றாக உதவும். கை தேர்ந்தவர்கள் பழகிய கோட்டையே போட்டுவிட்டு எழும்பிவிடுவார்கள். கை வராதவர் ஒவ்வொரு கோட்டுக்கும் நிமிர்ந்து பார்க்க வேண்டியிருக்கும்.

போனில் படம் எடுத்தால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். அமெரிக்க உளவியலாளர் லின்டா ஹென்கல் 2014 இல் வெளியிட்ட ஆய்வில், அருங்காட்சியகப் பொருட்களைப் படமெடுத்தவர்கள், வெறுமனே பார்த்தவர்களைவிட அவற்றைக் குறைவாகவே நினைவில் வைத்திருந்தார்கள். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் 2016 இல் வெளியான ஆய்வு மறுபக்கத்தைக் காட்டியது: சொற்களை எழுதியவர்களைவிட, அவற்றைப் படமாகக் கீறியவர்களுக்குக் கூடுதலாக நினைவிருந்தது. கீறியது அழகாக இருந்ததா என்பது அதில் பெரிய விஷயமாக இருக்கவில்லை.

பையில் என்ன வேண்டும்

அதிகம் வேண்டாம். கோடில்லாத தாளுள்ள சித்திரக் கொப்பி ஒன்று, உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிதாக இருந்தால் போதும். மட்டை தடிப்பாக இருக்க வேண்டும், ஏனென்றால் மடிதான் உங்கள் மேசை. பக்கங்களைப் பிடிக்க இரண்டு கிளிப்புகள் அவசியம். கடற்கரையில் காற்று உங்களைக் கேட்டுக்கொண்டு பக்கம் புரட்டுவதில்லை.

பென்சில் இரண்டு: ஒரு எச்.பி., ஒரு 4 பி. பென்சிலின் உள்ளே இருப்பது கிராபைட் எனப்படும் காரீயத்தின் தூளும் களிமண்ணும் கலந்து சுட்ட குச்சி. இந்த முறைக்கு பிரான்சின் நிக்கோலா கொன்ரே 1795 இல் காப்புரிமை பெற்றார். களி கூடினால் கோடு வெளிறி மெல்லிசாக விழும், காரீயம் கூடினால் கறுத்து மெத்தென்று விழும். அதனால் எச்.பி. வடிவத்துக்கு, 4 பி நிழலுக்கு. நல்ல காரீயம் நம் நாட்டு மண்ணிலேயே இருக்கிறது. போகல, கஹட்டகஹா சுரங்கங்களில் அதை இன்னும் வெட்டியெடுக்கிறார்கள். பென்சில் சீவும்போது அதை நினைப்பேன்.

கட்டர், தண்ணீர்ப் போத்தல், தொப்பி, இருப்பதற்கு ஒரு பழைய சாரமோ பன்பாயோ. அழிறப்பரை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். இதில் நான் கொஞ்சம் கண்டிப்பானவள். அழிறப்பர் கையிலிருந்தால் கண் தாளிலேயே நிற்கும். பிழையான கோட்டுக்குப் பக்கத்தில் சரியான கோட்டைப் போடுங்கள், இரண்டும் இருக்கட்டும். எப்படிப் பிழைத்தது என்பதும் கண்ட விஷயம்தான்.

வர்ணம் முதல் இரண்டு மூன்று மாதத்துக்கு வேண்டாம்.

எப்போது, எங்கே

நம் ஊர் கிழக்குக் கரை. காலை வெயில் கடலிலிருந்து முகத்துக்கு நேரே வருகிறது. ஜூனில் 6 மணிக்குச் சற்று முன்னரும், ஜனவரியில் ஏறத்தாழ 6.25 இற்கும் சூரியன் எழும். அதிலிருந்து இரண்டு மணி நேரம் நல்ல வேளை. நிழல்கள் நீளமாகக் கிடக்கும், ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வெளிச்சப் பக்கமும் ஒரு இருட்டுப் பக்கமும் இருக்கும். எட்டரைக்குப் பிறகு கடல் கண்ணைக் கூசும், தாளும் கூசும். மே முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று தரைப்பக்கமிருந்து அனலாக வீசும் நாட்களில் பத்து மணிக்கு மேல் வெளியில் இருப்பது உடம்புக்கு ஆகாது.

இந்த ஊரில் வருஷத்தில் இரண்டு தடவை நிழல் காலடிக்குள் போய்விடும். ஏப்ரல் 12 ஐ ஒட்டியும் ஓகஸ்ட் 30 ஐ ஒட்டியும், நண்பகல் பன்னிரண்டைச் சற்றுத் தாண்டும்போது சூரியன் நம் தலைக்கு நேர் மேலே நிற்கிறது. அந்த நாளில் ஒரு போத்தலை முற்றத்தில் நிறுத்தி, காலையிலிருந்து ஒவ்வொரு மணிக்கும் அதன் நிழலைக் கீறிப் பாருங்கள். பிள்ளைகளோடு செய்வதற்கு இதைவிட நல்லது எனக்குத் தெரியாது.

இடங்களில், தொடங்குகிறவர்களுக்கு டச் பே கடற்கரையைத்தான் சொல்வேன். வடக்கே, கோணேசர் கோயில் இருக்கிற பாறையான சுவாமி மலை பக்கவாட்டு வெளிச்சத்தில் நிற்கும். காலையில் வலது பக்கமும் மாலையில் இடது பக்கமும் அதற்கு வெளிச்சம் விழும். ஒரே பாறையை இரண்டு வேளையும் கீறினால் இரண்டு பாறை கிடைக்கும். திருக்கடலூர்ப் பக்கமிருந்து பார்த்தால் காலையில் அது கறுப்பு வெட்டுருவமாகத்தான் தெரியும். புதிதாகத் தொடங்குகிறவருக்கு அது பெரிய உதவி, உள்விவரம் எதுவும் இல்லை, விளிம்பு மட்டும்தான். சேற்றுக் கரையும் கண்டலும் கொக்கும் வேண்டுமென்றால் தம்பலகாமக் குடாப் பக்கமோ கிண்ணியாவோ போகலாம். நிலாவெளிக்கு அப்பாலுள்ள புறாத்தீவு 2003 இலிருந்து தேசியப் பூங்கா. அங்கே கரையில் கிடக்கும் செத்த பவளத் துண்டுகளைக் கீறலாம், கொண்டுவரக் கூடாது, உயிருள்ளதை மிதிக்கவும் கூடாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கோட்டைக்குள் இராணுவ முகாம் இருக்கிறது, துறைமுகப் பக்கத்தில் கடற்படைத் தளம் இருக்கிறது. அந்தப் பக்கங்களைப் பார்த்துக் கீறாதீர்கள். கோயிலுக்குப் போகும் பாதையை விட்டு விலகாதீர்கள். யாராவது வந்து கேட்டால் எழும்பி நின்று கொப்பியை விரித்துக் காட்டுங்கள். மானையும் மரத்தையும் கண்டதும் பெரும்பாலும் முகம் இளகிவிடும். தனியாகப் போகிற பெண்களுக்கு, முதல் சில தடவை ஒரு துணையோடு போவது நல்லது.

முதல் பத்து நிமிடம்: பென்சிலைத் தொடாதீர்கள்

இருந்ததும் கீறத் தொடங்குவதுதான் எல்லோரும் விடும் பிழை. வந்த வேகம் இன்னும் உடம்பில் இருக்கும், சைக்கிள் மிதித்த கால் ஓய்ந்திருக்காது. பத்து நிமிடம் சும்மா இருங்கள். பிறகு பக்கத்தின் மூலையில் எழுதுங்கள்: திகதி, நேரம், காற்று எந்தப் பக்கம், கடல் எப்படி, என்ன சத்தம், என்ன மணம். "வாடை தொடங்கிவிட்டது, கடல் பழுப்பு, காகம் கத்தவில்லை" என்று மூன்று வரி போதும். ஒரு வருஷம் கழித்து, படத்தைவிட இந்த மூன்று வரி அந்தக் காலையை முழுதாகத் திருப்பித் தரும்.

முதல் பயிற்சி: தாளைப் பாராமல் ஒரு இலை

கடற்கரை மணலில் அடம்பன் கொடி படர்ந்திருக்கும். "அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு" என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்தோம். அதன் இலை எப்படி இருக்கும் என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. ஒரு இலைக்கு முன்னால் இருங்கள். பறிக்க வேண்டாம்.

பென்சிலைத் தாளில் ஊன்றுங்கள். கண்ணை இலையின் காம்பில் வையுங்கள். இனித் தாளைப் பார்க்கக் கூடாது. ஒரு எறும்பு அந்த விளிம்பில் ஊர்கிறது என்று நினைத்து, அது போகும் வேகத்தில் கண்ணை நகர்த்துங்கள். கண் நகரும் அளவுக்குத்தான் கையும் நகர வேண்டும். கண் நின்றால் கையும் நிற்கட்டும். நுனிக்கு வந்ததும் எறும்பு கீழே இறங்கும், ஏனென்றால் அடம்பன் இலைக்கு நுனி இல்லை, ஆட்டுக் குளம்புபோல நடுவில் பிளந்திருக்கும். நடு நரம்பில் இலை புத்தகம்போலச் சற்று மடிந்திருப்பதும் அப்போதுதான் தெரியும். ஒரு சுற்று வர ஐந்து நிமிடம் எடுக்க வேண்டும். ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டால், நீங்கள் கீறியது மனதில் ஏற்கெனவே இருந்த இலையை.

முடித்ததும் தாளைப் பாருங்கள். கோடு தொடங்கிய இடத்துக்கு வந்து சேர்ந்திருக்காது, இலை இலைபோல இருக்காது. அதனால் ஒன்றும் இல்லை. அந்தக் கோட்டில் ஒரு நடுக்கம் இருக்கும், புழு கடித்த இடத்தில் ஒரு சின்னக் குழிவு இருக்கும். நினைவிலிருந்து கீறிய எந்த இலையிலும் அந்தக் குழிவு வராது. ஒவ்வொரு தடவை போனாலும் இப்படி மூன்று இலையோடு தொடங்குங்கள். நான் இன்றும் அப்படித்தான் தொடங்குகிறேன்.

அளவு: நீட்டிய கையும் பென்சிலும்

இனிப் பெரியதொன்று, சுவாமி மலை. நம் கண் முக்கியமானதைப் பெருப்பித்துக் காட்டும். கோயில் முக்கியம் என்பதால் தாளில் கோயில் பெரிதாகவும் மலை சின்னதாகவும் விழுந்துவிடும். இதைத் தடுக்க, கையை முழுதாக நீட்டி, முழங்கையை மடிக்காமல், பென்சிலை நிமிர்த்திப் பிடியுங்கள். ஒரு கண்ணை மூடுங்கள். பென்சிலின் நுனியைக் கோயில் கோபுரத்தின் உச்சியில் வைத்து, அதன் அடி வரும் இடத்தில் பெருவிரலை வையுங்கள். அந்த அளவு, பாறையின் மொத்த உயரத்தில் எத்தனை தடவை அடங்குகிறது என்று எண்ணுங்கள். எண்ணிக்கை உங்களை வியக்க வைக்கும். தாளில் அந்த விகிதத்துக்கு முதலில் புள்ளிகள் போடுங்கள், பிறகு கோடு.

சரிவுகளுக்கும் இதே பென்சில்தான். பாறையின் விளிம்போடு சாய்த்துப் பிடித்து, அதே சாய்வில் தாளுக்கு இறக்குங்கள். பாறைக்குள் ஓடும் வெடிப்புகள் தாறுமாறாகப் போவதுபோல இருக்கும். இப்படிச் சாய்த்துப் பார்த்தால் பல வெடிப்புகள் ஒரே சாய்வில் போவது தெரியும்.

கடலும் வானமும் சேரும் கோட்டை, அதாவது தொடுவானத்தை, எங்கே போடுவது? அது எப்போதும் உங்கள் கண்மட்டம். மணலில் இருந்தால் அது இறங்கும், எழும்பினால் கூடவே ஏறும். கண் கடலுக்கு 1 மீற்றர் மேலே இருந்தால் அந்தக் கோடு ஏறத்தாழ 3.6 கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது. 100 மீற்றர் மேலே போனால் 36 கிலோமீற்றர். மேலேயிருந்து பார்க்கும்போது கடல் ஏன் அவ்வளவு அகலமாகத் தெரிகிறது என்பதற்கு அதுதான் காரணம். அளவுகோல் வைக்காமல் கோட்டை நேராகப் போடுங்கள். சாய்ந்த கடலைக் கண் ஒருபோதும் பொறுக்காது.

இடைவெளியைக் கீறுதல்

பனையோலையைக் கீறப்போய்ப் பலர் குழம்புவார்கள், அத்தனை விரல்கள். ஓலையை விட்டுவிடுங்கள். விரல்களுக்கு நடுவில் தெரியும் வானத் துண்டுகளைக் கீறுங்கள். ஒன்று ஒடுங்கிய முக்கோணம், அடுத்தது நுனி வளைந்தது, இன்னொன்று அடைபட்டது. துண்டு துண்டாக வானத்தைக் கீறி முடிக்கும்போது ஓலை தானாக வந்து நிற்கும். கண்டல் வேருக்கும், மான் கொம்புக்கும், மீன்வலை காயப்போட்ட கம்புகளுக்கும் இதே வழிதான்.

வெளிச்சமும் நிழலும்

கண்ணை அரைவாசி மூடிப் பாருங்கள். சின்ன விவரங்கள் மறைந்து பெரிய வெளிச்சத் திட்டுகளும் இருட்டுத் திட்டுகளும் மட்டும் மிஞ்சும். மூன்று தரமாகப் பிரியுங்கள்: வெள்ளைத் தாளே வெளிச்சம், எச்.பி. இடைநிலை, 4 பி இருட்டு. நிழல் நகர்ந்துகொண்டே இருக்கும் என்பதால், தொடங்கிய உடனே அதன் எல்லையை மெல்லிய கோட்டால் அடைத்துவிடுங்கள். பிறகு ஆறுதலாக நிரப்பலாம்.

அசைகிறவை

இதில்தான் பெரும்பாலானவர்கள் மனம் தளர்ந்து கொப்பியை மூடுகிறார்கள். மூட வேண்டாம். ஒரு பக்கத்தில் ஒரு படம் என்ற எண்ணத்தை மட்டும் விட்டுவிடுங்கள். மான் மேய்கிறது: கீறத் தொடங்குங்கள். தலையைத் தூக்கிவிட்டதா? பாதியில் விட்டு, பக்கத்தில் தூக்கிய தலையைத் தொடங்குங்கள். திரும்பிப் படுத்ததா? மூன்றாவது. உயிர்கள் ஒரே நிலைக்குத் திரும்பத் திரும்ப வரும். மான் மறுபடி குனியும், நீங்கள் முதல் படத்துக்குத் திரும்பலாம். அரை மணி நேரத்தில் ஆறேழு பாதி மான்கள் பக்கத்தில் இருக்கும். அவற்றில் ஒன்று முழுதாகியிருக்கும். புள்ளிகள் எழுந்தமானத்துக்கு இருப்பதில்லை, விலாவில் வரிசைகளாக ஓடுகின்றன என்பதும், முதுகில் கறுத்த கோடொன்று போகிறது என்பதும், கழுத்தின் கீழ் வெள்ளைத் திட்டு இருக்கிறது என்பதும் அந்த அரை மணிக்குள் தெரிந்துவிடும். கிடாயின் கொம்பு வழமையாக மூன்று கிளை. அது வருஷந்தோறும் விழுந்து முளைப்பது. மெத்தென்ற தோல் மூடிய கொம்போடு ஒன்றைக் கண்டால் அன்றைக்கு வேறு எதையும் கீறாதீர்கள். சாப்பாடு கொடுத்துப் பக்கத்தில் அழைக்கவும் வேண்டாம். சொப்பிங் பையைத் தின்கிற மானைக் கண்டிருக்கிறேன். கீறுவதற்குத் தூரம் போதும்.

பறவைக்கு இன்னும் குறைந்த நேரம். ஒரு கோடு முதுகுக்கு, ஒரு கோடு செட்டைக்கு. வட்டமிடும் செம்பருந்தைப் பாருங்கள்: வெள்ளைத் தலை, செங்கல் நிற உடல், வாலின் நுனி வட்டமாக இருக்கும். அதைவிடப் பெரிதாக, ஆப்புப்போல வால் நீட்டி, அடிவயிறு வெள்ளையாகப் போவது கடற்கழுகு. வாலின் வடிவத்தை மட்டும் பத்துத் தடவை கீறினாலே இரண்டையும் ஒருபோதும் மாற்றிச் சொல்லமாட்டீர்கள்.

அலையை அலையாகக் கீறப் போகாதீர்கள். அது உடைகிற இடத்தை மட்டும் ஒரு கோடாகப் போடுங்கள். அடுத்த அலைக்கும் அதே. இருபது அலைக்குப் பிறகு கோடுகள் சில இடங்களில் நெருங்கி நிற்கும். அலை, தன் உயரத்துக்குக் கிட்டிய ஆழத்துக்கு வரும்போதுதான் உடையும். ஆகவே கோடு நெருங்கிய இடத்தில் கடலுக்கடியில் மணல்திட்டு இருக்கிறது. கரையில் இருந்தபடியே கண்ணுக்குத் தெரியாத தரையைக் கீறியிருக்கிறீர்கள்.

மனிதர்களும் அசைகிறவர்கள்தான். ஒரு தடவை கரைவலை இழுப்பதைக் கீறிக்கொண்டிருந்தேன். கயிற்றை நேர்கோடாகப் போட்டிருந்தேன். இளைப்பாற வந்து பக்கத்தில் குந்திய ஐயா ஒருவர் கொப்பியை எட்டிப் பார்த்தார்.

"பிள்ளை, கயிறு எந்த நேரமும் இப்பிடி விறைச்சு நிக்காது. அலை வரேக்க தளரும், வாங்கேக்கதான் விறைக்கும்."

"ஓம் ஐயா, நான் கவனிக்கேல்ல."

"இவங்கள் கையால இழுக்கிற மாதிரியும் கீறியிருக்கிறாய். நாங்கள் காலாலயெல்லோ இழுக்கிறது."

நிமிர்ந்து பார்த்தேன். கைகள் பிடித்தபடியே நின்றன, குதிகால்கள்தான் மணலில் புதைந்து பின்னுக்குப் போயின. கீறியதை இடத்துக்குரியவர்களிடம் காட்டுங்கள். நமக்குக் கிடைக்கிற மிக நல்ல திருத்தம் அவர்களிடமிருந்துதான். ஆனால் யாரையும் முகம் அடையாளம் தெரியக் கீறுவதானால் முதலில் கேளுங்கள்.

ஒரு பூ, ஒரு நாள்

வெளியில் போக முடியாத நாளுக்கு இது. வேலியில் பூவரசு நிற்கும். காலையில் விரிந்த ஒரு பூவைத் தெரிந்து, காம்பில் நூல் கட்டி அடையாளம் வையுங்கள். காலை, மதியம், பின்னேரம் மூன்று தடவையும் அதையே கீறுங்கள். நிறத்தைச் சொல்லால் எழுதினால் போதும். காலையில் வெளிர் மஞ்சள், உள்ளே கறுத்த சிவப்பு. பொழுது சாயச் சாய மஞ்சள் சிவக்கும், இதழ் சுருளும். மூன்று படத்துக்கும் சேர்த்து அரை மணி நேரம்கூட ஆகாது, ஆனால் அந்த நாள் முழுவதும் மனதின் ஒரு மூலை பூவோடு இருக்கும். வேலைக்குப் போகிற தாய்மாருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

படத்துக்குப் பக்கத்தில்

ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு கேள்வியாவது எழுதுங்கள். "நண்டு தோண்டிய மணலை ஏன் ஒரே பக்கமாக எறிகிறது?" "இராவணன் மீசைப் புல்லின் முள்ளுருண்டை காற்றில் உருண்டு எங்கே போய் நிற்கிறது?" விடையைப் போனில் உடனே தேடாதீர்கள். அடுத்த கிழமை போய் அந்த இடத்திலேயே பாருங்கள். உருண்டைகள் வேலியடியிலும் படகின் ஓரத்திலும் ஒதுங்கிக் கிடக்கும். அங்கே மணல் எப்படிச் சேர்ந்திருக்கிறது என்று கீறினால் பாதி விடை கிடைத்துவிடும்.

வீட்டுக்கு வந்து திருத்தாதீர்கள். நினைவிலிருந்து போட்ட ஒரு கோடு, பார்த்துப் போட்ட நூறு கோட்டையும் சந்தேகத்துக்குள்ளாக்கிவிடும்.

திரும்பத் திரும்ப ஒரே இடம்

இடம் மாற்றிக்கொண்டே போக ஆசையாக இருக்கும். இரண்டு கிழமைக்கு ஒரு தடவையாவது தொடங்கிய இடத்துக்கே வாருங்கள், அதே கல்லில், அதே பக்கம் பார்த்து இருங்கள். டச் பேயில் எனக்கென்று ஒரு அடம்பன் படர்ந்த மேடு இருக்கிறது. ஜூனில் அதன் பூக்கள் காலையில் ஊதாவாக விரிந்து, வெயில் ஏறியதும் வாடிவிடும். கீற நேரம் பார்த்துப் போக வேண்டும். ஒக்டோபரில் மழை தொடங்கியதும் கொடி ஒரே வாரத்தில் கடல் பக்கமாக நீண்டது, எத்தனை கணு என்று கொப்பியில் இருக்கிறது. டிசம்பரில் வாடைக் கடல் வந்து மேட்டைப் பாதியாக வெட்டிக்கொண்டு போனது. நான் போனபோது மணல் ஒரு முழ உயரச் சுவராக நின்றது. அதுவரை நான் கீறிய கொடியெல்லாம் மேலே பரந்து கிடந்த பாதிதான், மற்றப் பாதி அந்தச் சுவரிலிருந்து வெறும் வேராகக் கீழே தொங்கியது. கணுவுக்குக் கணு வேர், சில என் கை நீளத்துக்கும் கூட. தூறல் விழுந்துகொண்டிருந்தது. குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, முதல் வேரின் அடியில் கண்ணை வைத்தேன்.